மேலும் ஒருவர்

அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து செய்தித்தாளை எடுத்து டீக்கடை பெஞ்சில் விரித்தார். ஆறாம் பக்கம், கீழ் மூலை, ஒற்றைக் 'காலம்' (ஒரு பத்தி அகலம்), நாலு வரி. நான் அனுப்பிய செய்திதான். "பட்டாசு ஆலை விபத்தில் பலி 5 ஆக உயர்வு" என்று தலைப்பு. "மதுரையில் சிகிச்சை பெற்று வந்தவர்களில் மேலும் ஒருவர் சிகிச்சை பலனின்றி உயிரிழந்தார்" என்று ஒரு வாக்கியம். அந்த மேலும் ஒருவர் அவருடைய வீட்டுக்காரர்.

"பேரு போடலியே தம்பி" என்றார்.

கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கடைக்கு அனுப்பிய பிள்ளை ஒரு சாமானை மறந்துவிட்டு வந்தால் சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார். நான் பெயர் எழுதித்தான் அனுப்பியிருந்தேன். பெயர், வயது, ஊர், இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தது எட்டாம் வகுப்பு என்பதுவரை எழுதியிருந்தேன். அன்றைக்கு மாவட்டப் பக்கத்தில் ஒரு நகைக்கடைத் திறப்பு விளம்பரம் பாதிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. மீதிப் பாதியில் செய்திகளை அடைக்க வேண்டும். செய்தியைத் திருத்திப் பக்கம் போடுகிற டெஸ்க்கில் யாரோ ஒருவர் என் பத்து வரியை நாலாக்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதே ஆறு வரியைத்தான் வெட்டியிருப்பேன். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

இது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. நான் அப்போது ஒரு தமிழ் நாளிதழுக்கு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் தாலுகா நிருபர். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வரும் செய்தியின் நீளத்துக்கு ஏற்பக் காசு. வேலையை விட்டு வெகுநாள் ஆகியும், பேப்பரைத் திறந்தால் முதலில் கண் போவது சாவுச் செய்திகளின் அளவுமேல்தான். எத்தனை பத்தி அகலம், எத்தனை வரி, படம் உண்டா, பெயர் உண்டா என்று மனசு தானாகக் கணக்குப் போடுகிறது.

எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை 'பட்டாசு ஆபீஸ்' என்றுதான் சொல்வோம். ஆபீஸில் வெடித்தால் சத்தம் ஏழெட்டு கிலோமீட்டருக்குக் கேட்கும். கேட்டதும் ஊரில் உள்ள பெண்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து புகை எந்தத் திசையில் என்று பார்ப்பார்கள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போவேன். போய்ச் சேர்வதற்குள் டெஸ்க்கிலிருந்து போன் வந்துவிடும். அந்தப் போன் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"எத்தனை?"

"இப்போதைக்கு மூணு சார். அஞ்சு பேரை மதுரைக்கு ஏத்திருக்காங்க."

"லேடீஸ் இருக்கா?"

"ஒருத்தர்."

"படம்?"

"இருக்கு சார்."

"ஏறுமா?"

ஏறுமா என்றால், எண்ணிக்கை ஏறுமா என்று கேட்கிறார். ராத்திரி பக்கம் முடிப்பதற்குள் எண்ணிக்கை எவ்வளவு ஆகும் என்று தெரிந்தால்தான் அவரால் இடம் ஒதுக்க முடியும். கேட்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. எனக்குத் தெரிந்து மிகவும் இளகிய மனசுக்காரர், என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் விசாரித்தவர். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

எழுதிவைத்த விதி ஏதும் கிடையாது. ஆனாலும் எனக்குப் பழகிப்போன ஒரு அளவு உண்டு. ஒருவர் இறந்தால் மாவட்டப் பக்கத்தில் ஒற்றைக் காலம். மூன்று என்றால் மாவட்டப் பக்கத்தின் தலைப்புச் செய்தி. ஐந்தைத் தாண்டினால் எல்லாப் பதிப்புக்கும் போகும், சென்னைக்காரர்களும் படிப்பார்கள். பத்தைத் தாண்டினால் அமைச்சர் வருவார், சேனல் வண்டிகள் வரும், டெல்லியிலிருந்து இரங்கல் வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். முதலில் வெடித்ததைக் கேட்டுக் காப்பாற்ற ஓடிய ஊர்க்காரர்களும் அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். அது நாடு முழுக்கச் செய்தியானது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளத்தில் நடந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். அதுவும் பெரிய செய்தி. இந்த இரண்டு தேதிக்கும் இடையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று செத்தவர்களை ஒருவர் பக்கத்தில் ஒருவராக நிறுத்தினால் வரிசை மிக நீளமாகப் போகும். அவர்கள் ஒரே நாளில் சாகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தீக்காயம் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்று இருக்கிறது. எழுபது, எண்பது சதவீதம் வெந்துபோனவர் முதல் நாள் நன்றாகப் பேசுவார். நினைவு தெளிவாக இருக்கும். அந்த அம்மாவின் வீட்டுக்காரரை நான் முதல் நாளே பார்த்தேன். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவராகவே கால் எடுத்து வைத்து ஏறினார். உடம்பெல்லாம் வெள்ளி நிறத்தில் பட்டாசு மருந்து அப்பியிருந்தது, அலுமினியப் பொடி. இமை முடி இல்லை. என்னைப் பார்த்து, "வீட்ல சொல்லிராதீங்கண்ணே, பயந்துருவா. சின்னக் காயம்னு சொல்லுங்க" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் சொந்தக்காரர்களும் இரண்டு நாள் தைரியமாக இருப்பார்கள். அப்புறம் புண்ணில் சீழ் பிடித்து, கிருமி ரத்தத்தில் ஏறி, ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதினைந்தாம் நாள் என்று ஒவ்வொருவராகப் போவார்கள். அவர் போனது ஒன்பதாம் நாள். அதற்குள் பேப்பரில் வேறு எத்தனையோ நடந்துவிட்டது. அவருக்குப் பின்னால் இருபத்திரண்டாம் நாள் இன்னொருவர் இறந்தார். அதை நான் அனுப்பினேன், வரவே இல்லை. "பழசாயிருச்சுப்பா" என்றார்கள். செய்திக்கு அந்த விபத்து பழசாகியிருந்தது. அந்த வீட்டில் சாவு அன்று காலையில்தான் நடந்திருந்தது.

முதல் நாள் இறந்த மூவருக்கும் பெயர், வயது, தந்தை பெயர், ஊர் எல்லாம் வந்தன. மறுநாள் உறவினர்கள் கதறும் படமும் வந்தது. நிவாரண அறிவிப்பு வந்தபோது மறுபடி பெயர்கள் வந்தன. பின்னால் இறந்தவர்கள் அந்த மூவருக்குமேல் ஏறிய எண்ணாகத்தான் வந்தார்கள்.

சரி, எண்ணிக்கை ஒரு பக்கம். எந்தச் சாவு என் காதுக்கு வந்து சேர்கிறது என்பது இன்னொரு பக்கம். தாலுகா நிருபரின் நாள் போலீஸ் ஸ்டேஷனில் தொடங்கும். "இன்னைக்கு என்னண்ணே இருக்கு?" என்று கேட்டால் ரைட்டர் பதிவேட்டைப் புரட்டிச் சொல்வார். விபத்து ஒன்று, தற்கொலை ஒன்று, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆவது பிரிவில் ஒரு சந்தேக மரணம். அங்கிருந்து அரசு ஆஸ்பத்திரி பிணவறை. அங்கிருந்து தீயணைப்பு நிலையம். இந்த மூன்று இடத்தையும் தொடாமல் செத்த ஒருவர் என் செய்திக்குள் வர வழியே கிடையாது. இந்தியாவில் காசநோயால் ஆண்டுக்கு 3 லட்சம் பேருக்கு மேல் இறக்கிறார்கள். காசநோய்க்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. பட்டாசு ஆபீஸிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் முப்பது வருடம் மருந்துப் பொடியை மூச்சில் இழுத்து, இருமி இருமி வீட்டுத் திண்ணையில் செத்தவர்களை எனக்கு நேரில் தெரியும். என் தெருவிலேயே இருந்தார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றிக்கூட நான் செய்தி அனுப்பியதில்லை. அனுப்பலாம் என்று தோன்றியதுகூட இல்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. டெஸ்க்கில் வெட்டினார்கள் என்றாவது சொல்லிக்கொள்ளலாம், இதை நானே பார்க்காமல் விட்டேன்.

பாம்புக்கடியும் இப்படித்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்பு கடித்து இறந்திருப்பார்கள் என்று 2020இல் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்தில், வீட்டிலோ காட்டிலோ, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காமல். நம் பேப்பர்களில் பாம்பு வருகிறது. ஏ.டி.எம்.மில் புகுந்த பாம்பு, ஸ்கூட்டருக்குள் இருந்த பாம்பு என்று படத்தோடு வருகிறது.

எங்கள் பக்கத்துப் பட்டாசுச் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் இருக்கும். 'உராய்வு'. "மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக வெடி விபத்து ஏற்பட்டது." நானே இந்த வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேனோ. எழுதும்போது கை தானாக ஓடும். உராய்வு என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது, குற்றவாளி என்று யாரும் இல்லை. நாலு பேர் உட்கார வேண்டிய அறையில் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? தீபாவளிக்கு முந்தைய அவசரத்தில் அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்து செலுத்தினார்களா? லைசன்ஸ் யார் பெயரில், வேலை நடத்தியவர் யார், உள்குத்தகைக்கு விட்டிருந்தார்களா? இதெல்லாம் ஊரில் டீக்கடைக்கு டீக்கடை பேசுவார்கள். மறுநாள் பேப்பரில் உராய்வு மட்டும் இருக்கும்.

சாவுக்கு நம் மொழியில் எத்தனை சொல் இருக்கிறது என்று பெருமைப்படுகிறோம். பேப்பர் ஆபீஸில் அந்தச் சொற்களுக்கு வரிசை உண்டு. தலைவர் என்றால் மறைவு. ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர் என்றால் காலமானார். கூலிக்காரர் என்றால் பலி. தலைவருக்குப் பூதவுடல், நடுத்தரத்துக்கு உடல், மற்றவர்களுக்குச் சடலம். "கண்மாயில் பிணமாக மிதந்தார்" என்று நானே எழுதியிருக்கிறேன். ஒரு அமைச்சரோ ஆலை அதிபரோ கண்மாயில் மிதந்தால் அப்படி எழுத எனக்குக் கை வந்திருக்குமா? 'பலி' என்ற சொல்லை எடுத்துப் பாருங்கள். கோவிலில் எதையோ கொடுத்து எதையோ கேட்கிற சொல் அது. இரண்டே எழுத்து, தலைப்பில் இடம் அடைக்காது என்பதால் பத்திரிகைக்குப் பிடித்துப்போய்விட்டது. மலக்குழிக்குள் இறங்கியவர்கள் செத்தால் "விஷவாயு தாக்கி 2 பேர் பலி" என்று போடுகிறோம். விஷவாயு தானாக வந்து தாக்கிவிட்டுப் போய்விட்டதுபோல இருக்கும். இறக்கிவிட்டவர் வாக்கியத்திலேயே இருக்க மாட்டார். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடுக்க 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட நாடு இது. 2021இல் மாநிலங்களவையில் அரசு சொன்ன பதில் இன்னும் என் மனசில் இருக்கிறது. கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை, சாக்கடையும் மலக்குழியும் சுத்தம் செய்யும்போது 941 பேர் இறந்திருக்கிறார்கள் என்றது. சாவை எந்தச் சொல்லுக்குள் போட்டு எண்ணுகிறோம் என்பதை வைத்து 941ஐ பூஜ்யமாக ஆக்க முடிகிறது.

2019 தீபாவளியை நம்மில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அக்டோபர் 25 சாயங்காலம் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். 29ஆம் தேதி விடிவதற்குள் உடலாக எடுத்தார்கள். நடுவில் எண்பது மணி நேரம் தமிழ்நாடே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது. நானும் உட்கார்ந்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போட்டுப் பார்த்தேன். ரிக் எந்திரம் பாறையில் மோதி நின்றபோது என் நெஞ்சு அடைத்தது. பண்டிகைக்கு வாங்கிய வெடியைப் பிள்ளைகள் வெடிக்கவில்லை. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அந்த நாட்களிலேயே தூத்துக்குடியில் ஒரு தம்பதி அந்த மீட்புப் பணியை டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு வயது மகள் குளியலறைப் பக்கம் போய், தண்ணீர் நிரப்பி வைத்திருந்த தொட்டிக்குள் விழுந்துவிட்டாள். தேடிப்போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தச் செய்தியும் வந்தது. திருச்சிச் செய்தியின் வாலில் ஒட்டிக்கொண்டுதான் வந்தது, அந்தத் தொடர்பு இல்லாவிட்டால் தூத்துக்குடிப் பதிப்பைத் தாண்டியிருக்காது. இரண்டு பிள்ளைக்கும் ஒரே வயது. அவன் சாகிறானா பிழைக்கிறானா என்று நமக்கு நாலு நாள் தெரியவில்லை. இவள் செத்தபிறகுதான் இவள் இருந்ததே நமக்குத் தெரியும். கேமராவுக்கு முடிவு தெரியாத சாவு வேண்டும். முடிந்துபோன சாவில் காட்ட என்ன இருக்கிறது?

உலகில் 2021இல் ஏறத்தாழ 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதில் நாலில் ஒரு பங்குக்குக் கிட்ட ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு மூடாத ஆழ்துளைக் கிணறுகளைத் தேடித்தேடி மூடினார்கள், நல்லதுதான். வாளிக்கும் தொட்டிக்கும் மூடி போடச் சொல்லி யாரும் எண்பது மணி நேரம் பேசவில்லை.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1965இல் யோஹான் கால்டுங், மாரி ரூகே என்ற இரண்டு நார்வே ஆய்வாளர்கள் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டு நாளிதழ்கள் எப்படி எழுதின என்று உட்கார்ந்து எண்ணினார்கள். திடீரென்று நடக்க வேண்டும், பத்திரிகையின் ஒரு நாளுக்குள் முடிய வேண்டும், படிப்பவருக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், பெரிய ஆளுக்கு நடக்க வேண்டும், இப்படி இருந்தால் செய்தியாகும் என்று சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு என் டெஸ்க் போன்தான் ஞாபகம் வந்தது. எத்தனை, லேடீஸ் இருக்கா, படம் உண்டா, ஏறுமா.

அதைவிட என்னை உலுக்கியது 2007இல் வந்த ஒரு பொருளாதார ஆய்வு. ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்ற இருவர் செய்தது. 1968 முதல் 2002 வரை உலகில் நடந்த ஏறத்தாழ 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியில் எவை வந்தன, எவற்றுக்கு அமெரிக்க அரசு உதவி அனுப்பியது என்று ஒப்பிட்டார்கள். எரிமலையில் ஒருவர் இறந்தால் டி.வி.யில் வர என்ன வாய்ப்போ, அதே வாய்ப்பு வறட்சிக்குக் கிடைக்க 40,000 பேர் சாக வேண்டும். கிழக்கு ஐரோப்பாவில் ஒருவர் என்றால் ஆப்பிரிக்காவில் 40 பேர். ஒலிம்பிக் நடக்கும் நாளில் பேரிடர் வந்தால் செய்தியில் இடம் கிடைப்பது குறைந்தது, அதனால் உதவியும் குறைந்தது. நிலநடுக்கத்தில் வீடிழந்த ஒருவருக்குப் போர்வையும் அரிசியும் வருவதா இல்லையா என்பது எங்கோ ஒருவர் ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்ததைப் பொறுத்து இருந்திருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டுக்காரருடைய ஆறு வரியை நகைக்கடைத் திறப்பு தின்றதும் இதே கணக்குத்தான், அளவுதான் சின்னது.

வறட்சியின் சாவு எப்படி யார் கண்ணிலும் படாமல் போகிறது என்பதை கிராமப்புறங்களைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பல வருடமாகச் சொல்லி வருகிறார். 2006இல் மும்பையில் நடந்த ஃபேஷன் வாரத்துக்கு அனுமதிச் சீட்டு பெற்ற பத்திரிகையாளர்கள் 512 பேர். மேடையில் காட்டியது பருத்தி ஆடைகள். அங்கிருந்து விமானத்தில் ஒரு மணி நேரத் தொலைவில், அதே மகாராஷ்டிரத்தின் விதர்பாவில், அந்தப் பருத்தியை விளைவித்தவர்கள் கடன் தாங்காமல் பூச்சிமருந்து குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூரிலிருந்து போய் அதைப் பார்த்து எழுதியவர்கள் ஆறு பேர் அளவில் இருப்பார்கள் என்றார் அவர். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று அதே விதர்பாவில் கயர்லாஞ்சியில் ஒரு தலித் குடும்பத்தின் நாலு பேரை ஊர் கூடிக் கொன்றது. தாய், மகள், இரண்டு மகன்கள். டெல்லி, மும்பைப் பத்திரிகைகள் திரும்பிப் பார்க்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் பார்த்தார்கள். எங்கள் பக்கமும் அப்படிச் சாவுகள் உண்டு. முகவரியில் 'காலனி' என்று இருந்தால் செய்தி "முன்விரோதம்" என்ற சொல்லோடு சுருங்கிவிடும். அந்தச் சுருக்கத்தை நானும் செய்திருக்கிறேன்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மாவட்டப் பக்கத்து நாலு வரிச் செய்தியை நான் மட்டமாகப் பேசினால் அது பெரிய தப்பு. 2020இல் ஊரடங்கு போட்டபோது லட்சக்கணக்கானோர் நடந்தே ஊருக்குப் போனார்கள். மே 8 அதிகாலை மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத் பக்கத்தில் தண்டவாளத்திலேயே அசந்து தூங்கிய 16 பேர்மேல் சரக்கு ரயில் ஏறியது. அது எல்லா இடத்திலும் செய்தியானது. தண்டவாளத்தில் சிதறிக் கிடந்த ரொட்டிகளின் படம் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் வழியில் ஒருவர் ஒருவராக வெயிலில் சுருண்டு விழுந்தவர்கள், லாரி அடித்தவர்கள், பசியில் போனவர்கள்? செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படி இறந்தவர்கள் பற்றிய தரவு இல்லை, ஆகவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுதிக் கொடுத்தது. தரவு இருந்தது. சில இளம் ஆய்வாளர்கள் பல மொழி நாளிதழ்களின் உள்ளூர்ச் செய்திகளைத் தினமும் தேடி, நோயால் அல்லாமல் ஊரடங்கால் நேர்ந்த சாவுகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். ஜூலை முடிவதற்குள் 900ஐத் தாண்டியிருந்தது. எங்கோ ஒரு தாலுகா நிருபர் நாலு வரி அனுப்பி, அதை ஒருவர் வெட்டாமல் விட்டதால் அந்தப் பட்டியலில் ஒரு வரி ஏறியிருக்கிறது. இன்றுவரை அந்தச் சாவுகளுக்கு இருக்கிற சாட்சியத்தில் பெரும்பங்கு அதுதான்.

இன்னொரு சம்பவமும் எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். 2021 ஏப்ரல், அகமதாபாத். கொரோனா இரண்டாம் அலையில் அரசு தருகிற எண்ணிக்கையை 'சந்தேஷ்' என்ற குஜராத்தி நாளிதழ் நம்பவில்லை. நிருபர்களை 1,200 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியின் பிணவறை வாசலில் உட்கார வைத்தது. 17 மணி நேரம் உட்கார்ந்து, ஒரே ஒரு வாசல் வழியாக 69 உடல்கள் வெளியே போவதை எண்ணினார்கள். மறுநாள் அரசு சொன்ன கணக்கு குஜராத் முழுக்க 55, அகமதாபாத்தில் 20. அதன்பிறகு மயானம் மயானமாகப் போய் எண்ணினார்கள். 'திவ்ய பாஸ்கர்' என்ற இன்னொரு நாளிதழ் மார்ச் 1 முதல் மே 10 வரை மாநிலத்தில் கொடுத்த இறப்புச் சான்றிதழ்களைச் சேகரித்தது. 1.23 லட்சம். முந்தைய ஆண்டு அதே நாட்களில் சுமார் 58,000. இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தது ஒரு நோட்டு, ஒரு பேனா, ராத்திரி முழுக்க வாசலில் உட்காரும் பொறுமை. நாங்கள் வைத்திருந்த அதே சாமான்கள்தான். நான் மதுரையில் தீக்காய வார்டு வாசலில் அப்படி இருபத்திரண்டு நாள் உட்கார்ந்திருக்க முடியாது. பஸ் காசு கட்டாது. ஆனால் வாரம் ஒரு தடவை போயிருக்கலாம். போகவில்லை.

அந்த அம்மா வந்தபோது, நிவாரணப் பணத்துக்கு மனு எழுத பேப்பர் கட்டிங் கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி நிறையப் பேர் வருவார்கள், பெயர் அச்சில் இருந்தால் தாலுகா ஆபீஸில் பேச ஒரு பிடி கிடைக்கும். "சர்ட்டிபிகேட்டு, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு எல்லாம் இருக்குல்லம்மா, அது போதும், பேப்பர் வேண்டாம்" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். "அதெல்லாம் கொடுத்தாச்சு தம்பி. மூணு பேருக்கும் பேரு வந்துச்சு, இவருக்கு வரல. பிள்ளைக கேக்குதுக" என்றார்.

அதற்கு நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சமாளித்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் போனார்.

மறுவருஷம் அதே மாதம் மறுபடி வந்தார். இந்தத் தடவை விளம்பர ஏஜென்ட் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போட வேண்டுமாம். ஏஜென்ட் அட்டையைக் காட்டினார், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு ரேட். இருப்பதிலேயே சின்னதைத் தொட்டுக் காட்டினார். அதுவே அவர் தீப்பெட்டி ஆபீஸில் வாங்கும் வாரக் கூலியைவிட அதிகம். முந்தானை முடிச்சை அவிழ்த்து நோட்டுகளை எண்ணி வைத்தார், பத்தும் இருபதுமாக. ரேஷன் கார்டிலிருந்து எடுத்த படம் ஒன்று வைத்திருந்தார்.

"என்ன போடணும்மா?" என்று ஏஜென்ட் கேட்டார்.

"பேரு போடுங்க. அவுக அப்பா பேரு போடுங்க. ஊரு போடுங்க."

"விபத்துல இறந்தார்னு போடவா?"

கொஞ்சம் யோசித்தார். "வேணாம். அது அன்னைக்கே போட்டுட்டாகல்ல" என்றார்.

வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். இனிஷியல் சரியாக இருக்கிறதா என்று இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அச்சான அன்று காலையில் பேப்பர் கடையில் அவரைப் பார்த்தேன். ஆறாம் பக்கம், கீழ் மூலை, தபால்தலை அளவுப் படத்துக்குக் கீழே முழுப்பெயர். ஐந்து பேப்பர் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.